காது சத்தத்துக்குப் பழகுமா?

பெப்ரவரி 9: வாசகர் ஒருவரின் கேள்வி

நான் கொக்குவிலில் ஒரு மரக்காலையில் வட்ட வாளில் நெடுங்காலமாக நிற்பவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாலையில் வீட்டுக்குப் போனதும் காதுக்குள் இரையும். இரவு உணவு வரைக்கும் மனைவி சொல்வது சரியாகக் கேட்காது. சில ஆண்டுகளில் அந்த இரைச்சல் தானாகக் குறைந்துவிட்டது. இப்போது வாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நிற்பவருடன் கதைக்கிறேன். காது சத்தத்துக்குப் பழகிவிடும் என்பதே என் அனுபவம். அண்மையில் முதலாளியின் மகன் கொழும்பிலிருந்து நுரையாலான காதடைப்பான்களை ஒரு பெட்டி நிறைய வாங்கிவந்து, எல்லோரும் கட்டாயம் போடவேண்டும் என்கிறார். பழகிய காதுக்கு அது எதற்கு? அதைப் போட்டால் வாளின் சத்தம் மாறுவது தெரியாமல் விரல் போய்விடும் என்று எங்களுடைய மூத்த தொழிலாளி சொல்கிறார். விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பெப்ரவரி 9, இரவு

காது பழகுவதில்லை. மண்வெட்டி பிடிக்கிற கை காய்ப்பேறி வலுப்பெறுவதைப் பார்த்துவிட்டு, காதும் அப்படித்தான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உட்காதிலே, நத்தையின் ஓடு போலச் சுருண்ட எலும்புக்குள், ஒவ்வொரு காதுக்கும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புக்கு உரிய செய்தியாக மாற்றுபவை அவையே. பெருஞ்சத்தத்தில் அவை களைத்துச் சோர்கின்றன. ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் தேறுகின்றன. ஓய்வின்றி நாள்தோறும் அடிபட்டால் இறந்துபோகின்றன. கோழிக்கு இக்கலங்கள் மீண்டும் முளைக்கும். மனிதருக்கு ஒருமுறை போனது போனதுதான்.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. தொடக்கத்தில் மாலைதோறும் காது மந்தமானது தற்காலிக இழப்பு. மறுநாள் காலைக்குள் அது மீண்டது. ஆண்டுகள் செல்லச்செல்ல அந்தத் தற்காலிக இழப்பின் ஒரு பகுதி நிரந்தரமாகிவிடுகிறது. ஏற்கெனவே இழந்த கேள்திறனிலிருந்து மாலையில் மேலும் இழப்பதற்கு அதிகம் இராது என்றபடியால், வேலைக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியாமற் போகிறது. அதைத்தான் பழக்கம் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள் என்று அஞ்சுகிறேன்.

பெப்ரவரி 10

இதை நான் உறுதியாகச் சொல்வதற்குப் பாடநூல் அறிவு மட்டும் காரணமன்று. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஆனால் அதற்கு முன்பே மில்காரர் ஒருவரின் மகன். தந்தையார் தென்மராட்சியில் நெல்லும் மிளகாயும் அரைக்கும் மில் வைத்திருந்தார். பெரிய டீசல் எஞ்சின், அதிலிருந்து வார் ஓடி உருளைகளைச் சுழற்றும், தகரக் கூரை, மூன்று பக்கமும் சுவர். பாடசாலை விட்டதும் அங்கேதான் நிற்பேன். அரிசி அரைக்க வந்த பெண்கள் வாசலிலேயே பெட்டியை வைத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். அப்பா மட்டும் நாள் முழுதும் உள்ளே நிற்பார்.

ஐம்பது வயதைத் தாண்டும் முன்னரே அவருக்குப் பேச்சு விளங்குவது குறைந்துவிட்டது. கேட்கவில்லை என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. "சத்தம் கேட்குது, சொல்லுறதுதான் விளங்கேல்லை" என்பார். அதை நாங்கள் கவனக்குறைவு என்றும், பிற்காலத்தில் கோபம் என்றும் கருதினோம். கலியாண வீடுகளில் அவர் ஓரமாகக் கதிரையைப் போட்டு இருந்துகொள்வார். வருபவர்களுடன் அம்மாவே அவருக்காகவும் கதைப்பார். அவருடைய காதில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அக்காலத்தில் எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளின் பின், என்னுடைய செவிப்புலன் சோதனை வரைபடத்தை வைத்தியர் காட்டியபோதுதான் அது எனக்கு விளங்கியது. தாழ்ந்த சுருதிகளில் கோடு நேராகச் சென்று, 4,000 ஹேர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியின் அருகே பள்ளமாக விழுந்து, பின் சற்றே ஏறுகிறது. வயதினால் வரும் இழப்பில் கோடு உச்சச் சுருதிகளை நோக்கிச் சரிந்துகொண்டே போகும். இடையில் விழும் இந்தப் பள்ளம் பெரும்பாலும் இரைச்சலின் அடையாளம்.

உயிரெழுத்தின் ஒலி தாழ்ந்த சுருதியில் வலிமையாக வரும். ஒரு மெய்யை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் நுணுக்கமான ஒலிகளோ உயர்ந்த சுருதியிலே இருக்கின்றன. ஆகவே 'பத்து' என்பதும் 'பட்டு' என்பதும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. முகத்தைப் பார்த்தும் பேச்சின் சந்தர்ப்பத்தை வைத்தும் ஊகிக்கிறேன். மாரிகாலத்தில் தவளைகள் கத்துவது நன்றாகக் கேட்கிறது. சில்வண்டின் சத்தம் இருக்கிறது என்று பேத்தி சொன்னால்தான் தெரியும்.

பெப்ரவரி 12

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஒன்றைத் தனியாகக் கேட்பதில் பயனில்லை.

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபெல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் என்ற எல்லையைப் பரிந்துரைக்கிறது. டெசிபெல் என்பது கூட்டல் கணக்கில் ஏறுவதன்று. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது, ஆகவே நேரம் பாதியாகக் குறையவேண்டும். 88 இல் 4 மணித்தியாலம், 91 இல் 2, 94 இல் 1, 97 இல் அரை மணித்தியாலம், 100 இல் வெறும் 15 நிமிடம். வட்ட வாள் நல்ல வைரமான மரத்தை அறுக்கும்போது அதை இயக்குபவரின் காதருகே 100 டெசிபெலை எட்டுவது புதுமையன்று. காலை தேநீருக்கு முன்பே அன்றைய பங்கு முடிந்துவிடுகிறது. இந்த எல்லைக்குள் நின்றால் எவருக்கும் எந்த இழப்பும் வராது என்றும் கொள்ளவேண்டாம்; அதற்குள்ளும் வாழ்நாள் முழுதும் வேலை செய்பவர்களில் சிலருக்கு இழப்பு ஏற்படும் என்பதை ஏற்றுக்கொண்டே அந்த எல்லை வகுக்கப்பட்டது.

அளவுகருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஒரு கை நீட்டத்தில் நிற்கும் ஒருவருக்குக் கேட்பதற்காகக் குரலை உயர்த்தவேண்டியிருந்தால், அந்த இடம் ஏறத்தாழ 85 ஐத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். கைத்தொலைபேசியில் இயங்கும் அளவீட்டுச் செயலிகளும் உள்ளன. ஐபோனுக்கென நியோஷ் வெளியிட்ட இலவசச் செயலி ஓரளவு நம்பகமானது. மற்றத் தொலைபேசிகளில் ஒலிவாங்கிக்கு ஏற்ப எண் மாறும், ஆகையால் அவை காட்டுவதைக் கூடக்குறைய என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாள் ஓடும்போதே கதைக்கிறேன் என்று எழுதினீர்கள். அருகில் நிற்பவர் உண்மையில் கத்துகிறார், நீங்கள் அவருடைய வாயைப் பார்க்கிறீர்கள். அடுத்த முறை அவரை முதுகு காட்டி நின்று பேசச் சொல்லிப் பாருங்கள்.

பெப்ரவரி 13

மூத்த தொழிலாளி சொன்னதை நேற்று தொடவில்லை. அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. மரத்தில் ஆணியோ முடிச்சோ வந்தால் வாளின் குரல் மாறும். அதைக் கேட்டே கையை இழுப்பவர்கள் அனுபவசாலிகள். அடைப்பான் வாளின் சத்தத்தையும் அதன் மாற்றத்தையும் ஒன்றாகவே தாழ்த்துகிறது என்றபடியால், நல்ல கேள்திறன் உடையவருக்குப் பெருஞ்சத்தத்தின் நடுவே அந்த மாற்றம் முன்போலவே, சிலவேளை முன்னிலும் தெளிவாகக் கேட்கும். ஏற்கெனவே உயர்ந்த சுருதிகளை இழந்தவருக்கு அப்படியன்று. அவருக்கு அடைப்பான் இன்னும் கொஞ்சத்தை மறைத்துவிடக்கூடும். ஆகவே மூத்தவர் பொய் சொல்லவில்லை, தம்முடைய காதைப் பற்றிச் சொல்கிறார். அவர் அளவுக்கு மீறி அடைக்காத, எல்லாச் சுருதிகளையும் சமமாகத் தாழ்த்தும் வகையைத் தேடவேண்டும். காதுக்குள் சேரும் சத்தம் 75 முதல் 80 வரை நின்றால் போதும். முற்றாகச் செவிடாக்கிக்கொண்டு வாளில் நிற்பது எவருக்கும் ஆபத்து. ஆனால் இளையவர்கள் அவருடைய காரணத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெப்ரவரி 17

அடைப்பானைப் போட்டும் பயனில்லை என்று எழுதியவருக்கு. படத்தில் பார்த்தால் அது பாதிக்கு மேல் காதுக்கு வெளியே நிற்கிறது. அப்படிப் போட்டால் பயனில்லைதான்.

முதலில் கையைக் கழுவுங்கள். மரத்தூளும் எண்ணெயும் பட்ட விரலால் நுரையை உருட்டினால் காதில் புண் வரும். நுரையை விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டி, மடிப்பு விழாமல், மெல்லிய திரி அளவுக்கு ஒடுக்குங்கள். வலக்காதுக்குப் போடும்போது இடக்கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுத் துவாரம் வளைந்தது, இழுத்தால்தான் நேராகும். ஒடுக்கிய நுரையை உள்ளே தள்ளி, அது விரிந்து முடியும்வரை 20 முதல் 30 விநாடிகள் விரல் நுனியால் அழுத்திப் பிடியுங்கள். சரியாக அமர்ந்ததா என்பதை உங்கள் குரலே சொல்லிவிடும்: பேசும்போது சொந்தக் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஆழமாகக் கேட்டால் இரு காதும் அடைபட்டிருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் அப்படிக் கேட்டால் மற்றதைக் கழற்றி மீண்டும் போடுங்கள்.

எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று பெட்டியில் 32 அல்லது 33 என அச்சிட்டிருக்கும் எண் ஆய்வுகூடத்தில், தேர்ந்தவர்களின் கையால் பொருத்தி அளந்தது. நுரை அடைப்பானுக்கு அதில் பாதியை மட்டும் எண்ணும்படி நியோஷ் சொல்கிறது. தலைக்கு மேலால் வில்லுடன் வரும் காது மூடிகளுக்கு அந்தக் குறைப்பு காற்பங்குதான். பொருத்துவது இலகு என்பதே காரணம். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு மூடியின் ஓரத்தில் இடைவெளி விழும், அவர்களுக்கு நுரையே நல்லது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரு எண்களும் கூடி வரும் என்று நினைக்கவேண்டாம். பெரிய எண்ணுக்கு மேல் ஏறத்தாழ 5 டெசிபெல்தான் கிடைக்கும்.

பஞ்சு உதவாது. நல்லெண்ணெயில் நனைத்த பஞ்சும் உதவாது, அது காதுக்குக் கெடுதலும் கூட. காதில் சீழ் வடிபவர்கள் எதையும் அடைக்காமல் முதலில் வைத்தியரிடம் போகவேண்டும்.

பெப்ரவரி 18

நேற்று எழுதியவற்றுள் மிக முக்கியமானது விடுபட்டுவிட்டது போல் இரவு முழுதும் தோன்றிக்கொண்டிருந்தது. போடும் முறையை விட, போட்டிருக்கும் நேரமே பெரிது.

30 டெசிபெல் குறைக்கும் மிகச் சிறந்த அடைப்பானை ஒருவர் 8 மணித்தியால வேலையில் பாதி நேரம் மட்டும் அணிந்தால், அன்றைய மொத்தக் கணக்கில் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு 3 டெசிபெல்தான். முன்பு சொன்ன விதியை வைத்து நீங்களே கணக்கிடலாம்: அணியாத பாதி நேரத்தில் முழுச் சத்தமும் பாதி அளவுக்குச் சேர்ந்துவிடுகிறது, பாதி என்பது 3 டெசிபெல். அரை மணித்தியாலம் மட்டும் கழற்றி வைத்திருந்தாலும் 12 டெசிபெலுக்கு மேல் கிடைக்காது. தொலைபேசி வந்தது, மரக்காரர் வந்தார் என்று கழற்றிவிட்டு வாளுக்கு முன்னாலேயே நின்று கதைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தாம் நாளின் உழைப்பைக் கெடுக்கின்றன. கழற்றவேண்டுமென்றால் வெளியே போய்க் கழற்றுங்கள். எனக்கு இக்கணக்கு விளங்கிய நாளிலிருந்து, எது உயர்ந்த அடைப்பான் என்று கேட்பவர்களுக்கு, எதை நீங்கள் கழற்றாமல் வைத்திருப்பீர்களோ அதுவே உயர்ந்தது என்று சொல்லி வருகிறேன்.

இன்னொன்று. தளபாடங்களுக்கு நிறம் தெளிக்கும்போது பயன்படும் தின்னரில் தொலுயீன் இருந்தால், அதன் ஆவியும் உட்காதைத் தாக்கும். இரைச்சலுடன் சேர்ந்தால் இழப்பு கூடும். வாளும் நிறம் தெளிப்பும் ஒரே கொட்டிலில் நடப்பது நல்லதன்று.

பெப்ரவரி 24

தவில் வாசிக்கும் இளைஞர் ஒருவர், தம்மைப் போன்றவர்களுக்கு என்ன வழி என்று கேட்கிறார். நெஞ்சைத் தொட்ட கேள்வி. இணுவிலும் அளவெட்டியும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த கலை இது; மேளத்தைச் சத்தம் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை, நானும் சொல்லமாட்டேன். நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதியில், திறந்த வானத்தின் கீழ், சுவாமி வலம் வரும்போது தொலைவுக்குக் கேட்கவேண்டும் என்று அமைந்த வாத்தியங்கள். கூடுகள் அணிந்த விரல்கள் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் ஒவ்வோர் அடியும் கூர்மையாகப் பறப்பதே அதன் அழகு. அதையே நான்கு சுவர்களும் ஓட்டுத் தரையும் உள்ள கலியாண மண்டபத்துக்குள் கொண்டுவந்து, முன்னால் ஒலிவாங்கியும் வைத்து, கெட்டிமேளத்தின்போது ஒலிபெருக்கியையும் உயர்த்துகிறோம். வாத்தியத்தில் குறையில்லை. ஒலிவாங்கியை எடுத்துவிட்டால் மண்டபத்துக்கு அதன் இயல்பான ஒலியே போதும்.

வாசிப்பவருக்கு, எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் தாழ்த்தும் இசைக்கலைஞர் அடைப்பான்கள் உண்டு. சாதாரண நுரை உயர்ந்த சுருதிகளை அதிகமாக விழுங்கிவிடும் என்றபடியால், தவிலின் நாதம் மங்கிக் கேட்கும். அதனால்தான் உங்களுக்கு அது பிடிக்கவில்லை. சாதகத்தின்போது அணிந்து தொடங்குங்கள். சபையில் வாசிக்கும் நேரத்தை விட வீட்டில் சாதகம் செய்யும் நேரம் பல மடங்கு என்பதை மறக்கவேண்டாம்.

பெப்ரவரி 25

கேட்பவர்களுக்குத் தொலைவு நல்ல மருந்து. திறந்தவெளியில் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து உள்ள தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 2 மீற்றரில் 100 இருந்தால், 4 இல் 94, 8 இல் 88, 16 மீற்றரில் 82. 15 நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாத இடத்திலிருந்து சில எட்டுகள் நடந்தால், நாள் முழுதும் நிற்கக்கூடிய இடத்துக்கு வந்துவிடுகிறோம்.

மாலையில் ஒரு சேர்க்கை: மண்டபத்துக்கும் இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். பொருந்தாது. சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால், சற்றுத் தூரத்துக்கு அப்பால் எங்கே போனாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். மண்டபத்தில் வெளியே போவது ஒன்றே வழி. பந்தலில், கோயில் வீதியில், விளையாட்டு மைதானத்தில் கணக்கு ஓரளவு சரியாக வரும். பல பெட்டிகளை வீதி நெடுகக் கட்டியிருந்தால் வராது.

மார்ச் 3

இன்று உலக செவிப்புலன் தினம். பிள்ளைகள் பாட்டுக் கேட்கக் காதில் மாட்டும் இயர்போன்களைப் பற்றிக் கேட்ட தாய்க்கு: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம், பிள்ளைகளுக்கு 75 இல் 40 மணித்தியாலம் என்று எல்லை வைத்திருக்கிறது. பருத்தித்துறை பஸ்ஸில் பாட்டு ஓடும்போது அதற்கு மேலாகத் தன்னுடைய பாட்டைக் கேட்பதற்குப் பிள்ளை ஒலியைக் கூட்டுகிறது, கூடுவது அங்கேதான். பயணத்தில் கேட்கவேண்டாம் என்பது அறிவுரை, ஆனால் நடக்காது. காதுத் துவாரத்தை நன்றாக மூடும் வகையை வாங்கிக்கொடுத்தால் வெளிச்சத்தம் தடைப்படும், ஒலியைக் கூட்டத் தேவை வராது.

மார்ச் 11

வடக்கின் பெருஞ்சமருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தின் இரு கல்லூரிகளுக்கிடையே 1904 இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டி, யாழ்ப்பாணத்தாருக்கு அது ஒரு திருவிழாவே. போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பாண்டு வாத்தியக் கூட்டத்தின் நடுவில் சிறுபிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருக்காதீர்கள். எக்காளத்தின் வாய் பிள்ளையின் காதுக்கு நேராக நிற்கிறது. சிறுவர்களுக்கான காது மூடிகள் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் மைதானத்தின் மறுபக்கம் இருக்கிறது.

மார்ச் 16

வடமராட்சியிலிருந்து ஒருவர் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். ஷெல் விழுந்த நாளிலிருந்து இடக்காதில் ஓயாமல் இரைகிறது என்றும், அதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை என்றும் எழுதியிருக்கிறார். எங்கள் வயதில் அவர் தனியாள் அல்லர். பொம்மரின் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்கி, முழங்கையை ஊன்றிக் குப்புறப் படுத்து, விரலால் காதை அடைத்து வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். நாங்களும் மாணவர்களுக்குக் கற்பித்தோம். சிறப்பாகச் செய்தோம். இருந்தும் ஷெல் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

வெடிப்பு என்பது வாளின் இரைச்சலிலிருந்து வேறானது. பெருஞ்சத்தம் கேட்டதும் நடுக்காதின் சிறு தசை இறுகி எலும்புச் சங்கிலியை ஓரளவு அடக்குகிறது. ஆனால் அதற்குச் சில பத்து மில்லிசெக்கன்களாவது வேண்டும், வெடிப்பின் உச்சம் அதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. ஆகையால் நேரக் கணக்குக்கு அங்கு இடமில்லை. ஒரேயொரு வெடியே போதும். உச்ச அளவு பெரியவர்களுக்கு 140 டெசிபெலையும் பிள்ளைகளுக்கு 120 ஐயும் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் நாம் கொளுத்தும் சீனவெடி அருகில் வெடித்தால் இதைத் தாண்டிவிடும். போரில் காதை இழந்த தலைமுறை, பேரப்பிள்ளைகளின் காலடியில் சரவெடியைக் கொளுத்துவதை நான் பொறுக்கமாட்டாமல் பார்க்கிறேன்.

ஐயா, அந்த இரைச்சலை முற்றாக நீக்கும் மருந்து இல்லை. ஆனால் கேள்கருவியும் பயிற்சியும் அதன் தொல்லையைப் பெரிதும் தணிக்கின்றன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போய் இதைச் சொல்லுங்கள். இனி எவருக்காவது வெடிச்சத்தத்தின் பின்னோ, காரணமே இல்லாமலோ திடீரென்று ஒரு காது கேட்காமற் போனால் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். முதல் மூன்று நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மீட்பதற்கு வாய்ப்பு கூட. அடைப்பு என்று எண்ணி எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கவேண்டாம்.

மார்ச் 23

சட்டத்தைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இல் பணித்தது. விசேட நிகழ்வுகளுக்கு விலக்குண்டு. 1996 இன் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் உள்ளன. இவை உறக்கத்தையும் அமைதியையும் காப்பவை, வரவேற்கிறேன். ஆனால் மரக்காலைக்குள் நிற்பவரின் காதை இந்தச் சட்டம் காப்பாற்றாது. வேலியின் வெளியே எவ்வளவு கேட்கிறது என்பதையே அது பார்க்கிறது.

ஏப்ரல் 4

கேள்வி கேட்ட மரக்காலைத் தம்பி திரும்பி வந்து எழுதியிருக்கிறார். முதுகு காட்டிப் பேசும் சோதனையைச் செய்து பார்த்ததாகவும், ஒரு சொல்லும் பிடிபடவில்லை என்றும், இப்போது அடைப்பான் போடுவதாகவும் சொல்கிறார். செவிப்புலன் சோதனை எப்போது செய்வது நல்லது என்று கேட்கிறார்.

வேலை முடிந்த கையோடு போகாதீர்கள். அன்றைய தற்காலிக இழப்பும் சேர்ந்து வரைபடம் உள்ளதை விட மோசமாகக் காட்டும். குறைந்தது 14 மணித்தியாலமாவது பெருஞ்சத்தம் படாமல் இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மரக்காலை பூட்டு என்றபடியால் திங்கட்கிழமை காலை, வேலைக்கு முன், பொருத்தமான நேரம்; ஞாயிறன்று கலியாண வீடு இருந்தால் அடுத்த கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காதில் குறும்பி அடைத்திருந்தால் முதலில் அதை அங்கேயே எடுப்பிக்கவேண்டும். வரைபடத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்; அடுத்த ஆண்டு எடுப்பதை இதனுடன் ஒப்பிட்டால்தான் இழப்பு நின்றதா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது தெரியும். மூத்தவரையும் கூட்டிப் போங்கள். அவருடைய வரைபடத்தைப் பார்த்த பிறகு எந்த அடைப்பான் அவருக்குப் பொருந்தும் என்பதைப் பற்றி எழுதுகிறேன்.